பாடம் செய்த கன்றும் துவைக்காத சட்டையும்

ஜூன் 9, திங்கள்

இன்று கரடிக்கு நாக்கு ஒட்டினேன். இத்தனை நாளாக வெறும் வாயைப் பிளந்துகொண்டு நின்ற கரடி, நாக்கு வந்ததும் யாரையோ திட்ட ஆரம்பித்துவிட்டது போல் இருக்கிறது. பரம திருப்தி. எனக்கு முன்னால் இந்தக் கல்லூரி மியூசியத்தில் வேலை பார்த்த மகானுபாவர் உயிரோடு ஒரு கரடியைப் பார்த்திருக்க மாட்டார். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்கிற பெரியப்பா போல அதற்கு ஒரு புன்னகை வைத்திருந்தார். முதலைக்கோ வட்டமான கண்மணி. முதலையின் கண்மணி நெட்டுக்குத்தாகக் கீறின மாதிரி இருக்கும். வட்டக்கண் வைத்ததில் அது சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற முகத்தோடு படுத்திருக்கிறது. எல்லாவற்றையும் நான்தான் சரிசெய்ய வேண்டும். செப்டம்பரில் திறப்பு விழா.

துறைத்தலைவர் ரங்கபாஷ்யம் சார் எட்டிப் பார்த்தார். "நெல்லையப்பன், வாசல்ல ஒரு போர்டு வைக்கணும். டாக்ஸிடெர்மின்னா என்ன, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, சுருக்கமா எழுதிக் குடுங்க" என்றார். சுருக்கமாகவா! என்னிடமா! அங்கேயே நிற்க வைத்துச் சொன்னேன். டாக்ஸிஸ் என்றால் கிரேக்கத்தில் ஒழுங்கு, அமைப்பு, படையை அணிவகுத்து நிறுத்துவதுகூட அதுதான். டெர்மா என்றால் தோல். அதற்கும் அடியில் போனால் உரிப்பது என்ற வினை. இரண்டையும் சேர்த்துத் தைத்து ஒரே சொல்லாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆக, தோலை ஒழுங்காக அமைப்பது. இந்தச் சொல்லில் எங்காவது வைக்கோல் இருக்கிறதா? பஞ்சு இருக்கிறதா? 'அடைச்ச கரடி' என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். தலையணையை அடைக்கலாம், கரடியை அடைக்க முடியாது. தமிழில் பாடம் செய்தல் என்கிறோம். கௌரவமாக இருக்கிறது, அதுவே இருக்கட்டும். இதைச் சொல்லி முடித்தபோது சார் அங்கே இல்லை.

சாயங்காலம் பூட்டப் போகிற நேரத்தில் ஒரு பெண் மொபெட்டில் வந்து இறங்கினார். பின்சீட்டில் ஒரு சாக்கு.

"ஏனுங் சார், தோல் வாத்தியாருங்கறது நீங்கதானுங்களா?"

தோல் வாத்தியார்! உடுமலைப்பேட்டைக்கு வந்து ஒரு வருஷம் உழைத்ததற்கு இந்த ஊர் எனக்குக் கொடுத்த பட்டம். கோபம் வந்தது. ஆனால் டாக்ஸி ஓட்டுகிறவரா என்று கேட்கவில்லையே என்று மன்னித்துவிட்டேன். அதைக் கேட்காத முதல் ஆள் இவர்தான்.

பெயர் சாரதாமணி. தளி ரோட்டில் தோட்டம், அப்பாவும் இவரும் மூன்று மாடுகளும்; இரண்டு ஜெர்சி, ஒன்று நாட்டு மாடு. சாக்கில் இருந்தது நேற்றுக் காய்ச்சலில் செத்துப்போன கன்றுக்குட்டி. தாய் வெள்ளச்சி, காங்கேயம் பசு. நாட்டு மாடு கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, தாய்க்கு முன்னால் நிறுத்துவார்கள். அது நக்கிக்கொண்டே மடியைச் சுரந்துவிடும். இந்த வழக்கம் எனக்கும் தெரிந்ததுதான்.

"எங்கப்பா செஞ்சு போடறேங்கறாருங்க. ரெண்டு குச்சி, ஒரு வைக்கப் பொதி, மேல தோலு. பாக்கவே சகிக்காதுங்க. வெள்ளச்சி என்ற கையில வளந்தவ. அவகிட்ட அதைக் கொண்டுபோயி இதான் உன்ற புள்ளைன்னு காட்ட எனக்கு மனசு வரலீங்க. அசல் கன்னுக்குட்டியாட்டவே செஞ்சு தருவீங்களா?"

வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள் பால் இறங்காவிட்டால் அப்பா வெள்ளச்சியைச் சந்தைக்கு ஓட்டிவிடுவாராம். பால் விடாத மாட்டுக்குத் தவிடு வைக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். 

ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்காக அல்ல. பொதுவாகவே நான் மாடுகளுக்கு உதவுகிற சுபாவம். இதுவரை சந்தர்ப்பம் வாய்த்ததில்லை, அவ்வளவுதான். வயது முப்பது, முப்பத்தொன்று இருக்கும். கழுத்தில் தாலி இல்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

ஜூன் 10, செவ்வாய்

தோல் உரித்தேன். காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், வளர வளர வெளுக்கும். இது நல்ல செம்பழுப்பு, நெற்றியில் சுழி. இந்த மாதிரி அழுக்கு வேலைகளுக்கென்று ஒரு காக்கிச் சட்டை வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு முழங்கை வரை வேலை.

சாரதாமணி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. முதுகலை விலங்கியல் மாணவர்கள் இரண்டு பேர் வெளியே ஓடினார்கள், இவர் அசையவில்லை.

"புள்ளைக்குச் சட்டை கழட்டற மாதிரிக் கழட்டறீங்களே சார்" என்றார்.

நான் அவருக்கு டாக்ஸிஸ், டெர்மா, பிரெஞ்சுக்காரர்கள் எல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டார். முழுக்க! என் தொழில் வாழ்க்கையில் முதல் முறை.

"அப்ப தோலை ஒழுங்கா அமைச்சுட்டா வெள்ளச்சி நம்பிருவாளுங்களா?"

"மனுஷங்களே ஏமாந்து போறாங்க, மாடு நம்பாதா?" என்றேன். கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

தோல் கெடாமலிருக்க உப்பு, படிகாரம், போராக்ஸ். பிறகு ஷாம்பூ, மறுபடி ஷாம்பூ, கடைசியாக என் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த செம்பருத்தி ஷாம்பூ. கன்று இப்போது என்னைவிட நன்றாக மணக்கிறது.

ஜூன் 14, சனி

முடிந்தது. நானே எழுதக்கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன்: அற்புதம். கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த கண்ணாடிக் கண். மூக்கில் ஈரம் தெரிய ஒரு பூச்சு. அம்மா கூப்பிட்டால் திரும்புகிற மாதிரி வலது காது மட்டும் லேசாகப் பின்னால். முன்னங்காலில் ஒன்று சற்று மடங்கி, எழுந்திருக்கலாமா என்று யோசிக்கிறது. ரங்கபாஷ்யம் சார் உள்ளே வந்தவர் "ச்சூ, ச்சூ" என்று விரட்டினார். இதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்?

நாளைக் காலை கொண்டுபோகிறேன். அவர்களே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். இவ்வளவு நுட்பமான பொருளை மொபெட்டில் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

என் வாழ்க்கையிலேயே பெரிய தோல்வியும், இன்னொன்றும் இன்று நடந்தன. அந்த இன்னொன்றுக்குப் பெயர் தெரியவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். மாடு கட்டுகிற கட்டுத்தரையில் சாரதாமணியின் அப்பா நாச்சிமுத்து ஐயா முட்டியில் துணி சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்றை இறக்கி வைத்தேன். "அடேங்கப்பா! போன உசுரு வந்தாப்பல இருக்குதே!" என்று எழுந்து நின்றார். சாரதாமணி வாயில் கையை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நான் அடக்கமாக இருந்தேன்.

வெள்ளச்சி வந்தாள். உயரமான, வெளுத்த, மகாராணி மாதிரிப் பசு. என் கன்றை முகர்ந்தாள். ஒரு தும்மல். மறுபடி முகர்ந்தாள். பெரிய தும்மல். பிறகு தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு முட்டினாள் பாருங்கள், என் அற்புதம் காற்றில் பறந்து தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது.

நாச்சிமுத்து ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சாரதாமணி சிரிக்கவில்லை. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான் முட்டாள். நோய்க்கிருமி, கொழுப்பு, பூச்சி எல்லாவற்றோடும் கன்றின் வாசனையையும் சுத்தமாகக் கழுவித் தள்ளியிருக்கிறேன். மாடு மூக்கால் அல்லவா பிள்ளையை அடையாளம் காணும்? செம்பருத்தி வாசனை அடிக்கிற பிள்ளையை அவள் எங்கே பெற்றாள்?

கன்றைத் தொட்டியிலிருந்து எடுக்கக் குனிந்தேன். தூக்கிவரச் சௌகரியமாக இருக்குமே என்று அந்தக் காக்கிச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். உரித்த அன்றைக்கு மாட்டினது, துவைக்கவில்லை. முதுகில் மூச்சுக்காற்று பட்டது. திரும்புவதற்குள் வெள்ளச்சி என் தோளை நக்க ஆரம்பித்துவிட்டாள். தோள், கை, கழுத்து, காது. மாட்டின் நாக்கு உப்புத்தாள். "ஐயோ, இதைப் பிடிங்க!" என்று கத்தினேன்.

"சார், அசையாதீங்! அப்படியே நில்லுங்க!" சாரதாமணி பித்தளைக் குண்டாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மடியடியில் உட்கார்ந்தார். "சொரக்குதுங்க! அப்பா, சொரக்குது!"

சர், சர் என்று பால் இறங்குகிற சத்தம். நான் கையில் நனைந்த கன்றோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து சாரதாமணி சிரிக்கிறார், அழுகிறார், இரண்டும் ஒன்றாக. வெள்ளச்சி என் தலைமுடியை வகிடெடுத்து வாரிக்கொண்டிருந்தாள். கிரேக்கர்கள் தோலைச் சொன்னார்கள், ஒழுங்கைச் சொன்னார்கள். வாசனையைப் பற்றி மூச்சு விடவில்லை.

நாச்சிமுத்து ஐயா வழியனுப்பும்போது சொன்னார்: "தம்பி, நாளைக்குங் காத்தால வந்துருங்க. சட்டையத் தொவச்சுக் கிவச்சுப் போடாதீங்க."

ஜூன் 16, திங்கள்

போனேன். நக்கினாள். குண்டா நிறைந்தது. நாட்டு மாடு, காலையில் ஒரு வேளைதான் கறக்கிறார்கள். நல்லவேளை, இல்லாவிட்டால் சாயங்காலமும் போகவேண்டியிருந்திருக்கும். இருந்தால்தான் என்ன, போயிருப்பேன். பொதுக்காரியம்.

ஜூன் 21, சனி

ரங்கபாஷ்யம் சார் தன் நாற்காலியை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். "நெல்லையப்பன், தப்பா நினைக்காதீங்க, உங்க அறையில ஏதாவது செத்துக் கிடக்குதா?" என்றார். சார், இது விலங்கியல் மியூசியம், எல்லாமே செத்துத்தான் கிடக்கிறது என்றேன். சட்டை விஷயத்தைச் சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

வெள்ளச்சி நக்கிச் சிவந்த கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லி சாரதாமணி ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். செக்கில் ஆட்டியது. வைத்திருக்கிறேன். இன்னும் தடவவில்லை. தடவினால் தீர்ந்துபோகும்.

ஜூலை 6, ஞாயிறு

ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே காற்று. இந்த ஊர்க் காற்றில் காற்றாலைகள் சுற்றுவது ஆச்சரியமில்லை, நான் சுற்றாததுதான் ஆச்சரியம். கறந்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், காற்று குறையட்டும் என்று.

சாரதாமணி பேச்சுவாக்கில் சொன்னது: போன வருஷம் ஒரு வரன் வந்ததாம். எல்லாம் பேசி முடித்து, வெற்றிலை மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளை, "கலியாணத்துக்கு முன்னால இந்த மாடு கன்னெல்லாம் வித்துருங்க. எங்கூட்டுக்கு வர்ற பொண்ணு மேல சாணி நாத்தம் வரக்கூடாது" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வித்துப்போடறேன்னு சொன்னனுங்க. உங்களத்தான் முதல்லன்னு."

எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர் முதுகில் தட்டினார். அந்த மாப்பிள்ளை பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. யாரோ, எவரோ. ஆனால் ஒரு மனிதன் இவ்வளவு அறிவுகெட்டவனாக, மூக்கு மட்டும் வைத்துக்கொண்டு மூளை வைத்துக்கொள்ளாதவனாக, ஒரு நல்ல வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு இப்படிச் சொல்வானா? அவன் நன்றாக இருக்கட்டும். ஏதாவது ஒரு எருமை அவனை முட்டட்டும்.

ஜூலை 9, புதன்

இன்று 'சார்' வரவில்லை. "ஏனுங்க, சித்தெ அந்தக் கயித்தப் புடிங்க" என்றார். வெறும் 'ஏனுங்க'. மறந்திருப்பார்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் மறந்துவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று முதலைக்குக் கண் வாங்கக் கோயமுத்தூர் போனேன். திரும்பும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. மாற்று பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது விடிந்து, வெயிலே வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஓடினேன். அறைக்குப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடினேன். வெள்ளச்சி மடி வலித்துக் கத்திக்கொண்டிருப்பாள், சாரதாமணி என்ன பாடுபடுகிறாரோ என்று வழியெல்லாம் புலம்பினேன்.

"கறக்கவே உடலீங்க. ஒரே உதை. நீங்க இல்லீன்னா அவளுக்கு ஆவறதே இல்ல" என்றார் சாரதாமணி. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பாவம், அவ்வளவு வருத்தம்.

பித்தளைக் குண்டா திண்டில் இருந்தது, நுரை தளும்ப. வெள்ளச்சி பாலுக்கு மட்டும்தான் அந்தக் குண்டா. ஜெர்சிப் பாலை ஊற்றி வைத்திருப்பார்கள். நாச்சிமுத்து ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார், "அப்பா, உங்க மாத்தரை!" என்று சாரதாமணி உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

நான் நின்றேன். வெள்ளச்சி ஒரு நக்கு நக்கிவிட்டு, வைக்கோலைப் பார்க்கப் போய்விட்டாள். மடி தொங்கிப்போய் லேசாக இருந்தது. வருத்தத்தில் வற்றியிருக்கும்.

இனிமேல் எக்காரணம் கொண்டும் வெளியூரில் தங்குவதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறாள். பெட்டியில் அல்வா, ஒரு பெண்ணின் போட்டோ. பெண் பாளையங்கோட்டையில் டீச்சராம். நான் மார்க்கெட் போய்விட்டுத் திரும்புவதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது.

"என்னய்யா சட்டை அது? நாத்தம் கொடலப் பொரட்டுது. வெந்நீர்ல ஊறப் போட்டு, அடிச்சுத் தொவச்சு, நீலம் போட்டுக் காயப் போட்டுருக்கேன்" என்றாள்.

கொடியில் என் காக்கிச் சட்டை பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். "ஏ ஐயா, தலை சுத்துதா?" என்று அம்மா ஓடிவந்தாள். எல்லாம் முடிந்தது. நாளைக்கு வெள்ளச்சி தும்முவாள். முட்டுவாள். பிறகு சந்தை. பிறகு நான் எதற்கு அந்தப் பக்கம் போக?

ஆகஸ்ட் 11, திங்கள்

துவைத்த சட்டையோடு போனேன். வழியில் சாணியைக் கொஞ்சம் எடுத்துச் சட்டைக் கையில் தேய்த்துக்கொண்டேன், பார்வைக்காவது அழுக்காக இருக்கட்டும் என்று.

வெள்ளச்சி முகர்ந்தாள். நான் தும்மலுக்குக் காத்திருந்தேன். அவள் நிதானமாக இரண்டு நக்கு நக்கினாள், பிறகு அசைபோட ஆரம்பித்தாள். பால் சர் சர் என்று இறங்கியது.

அறிவியல் ரீதியாக யோசித்தால், அவளுக்கு இப்போது கன்றின் வாசனை தேவையில்லை. நேரத்துக்கு, இடத்துக்கு, சாரதாமணியின் கைக்குப் பழகிவிட்டாள். அப்படியென்றால் நான் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு நாள் சோதனையை வைத்து முடிவுக்கு வருவது விஞ்ஞானிக்கு அழகல்ல. சாரதாமணியை அனாவசியமாகக் குழப்புவானேன்?

அவர் என் சட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு குண்டாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

"தெனமும் விடியுமுன்ன எங்கய்யா ஓடுத?" என்று அம்மாவும் கூடவே வந்துவிட்டாள். தடுக்க முடியவில்லை.

கட்டுத்தரையில் ஒரு ஓரமாக நின்று, கறந்து முடிகிறவரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இது எங்கள் குடும்ப வரலாற்றிலேயே கிடையாது. சாரதாமணி அவளுக்குக் காப்பி கொடுத்தார். இரண்டு பேரும் குடித்துக்கொண்டே ஏதோ பேசினார்கள், எனக்குக் கேட்கவில்லை. சாரதாமணி சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: "ஏ ஐயா, நான் பாத்துட்டுத்தான நிக்கேன். அந்த மாடு உன்னைய ஏறெடுத்தும் பாக்கல. நீயும் மாட்டப் பாக்கல."

வயதாகிவிட்டது, கண் பார்வை சரியில்லை என்று நினைக்கிறேன். ராத்திரி ரயிலுக்கு ஏற்றிவிட்டேன். அல்வாவை வைத்துவிட்டுப் போனாள். பெண்ணின் போட்டோவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறதி.

செப்டம்பர் 12, வெள்ளி

திறப்பு விழா! கரடி திட்டியது, முதலை எதையும் தேடாமல் நிம்மதியாக முறைத்தது. என் போர்டு வாசலில், டாக்ஸிஸ் டெர்மா எல்லாவற்றோடும். சுருக்கமாகத்தான் எழுதினேன், இரண்டே போர்டு.

கன்றுக்குட்டியையும் வைத்திருக்கிறோம், மூக்கைச் சரிசெய்து. ரங்கபாஷ்யம் சார் சிறப்பு விருந்தினரிடம், "உயிருள்ள கன்றுன்னு நாமதான் ஏமாறுவோம், பெத்த தாய் ஏமாறலை" என்று பெருமையாக விளக்கினார். என் தோல்வியை இவ்வளவு அழகாக யாராலும் சொல்ல முடியாது.

சாரதாமணி மாம்பழக் கலரில் பச்சைக் கரை போட்ட புடவை. வலது பக்கம் இரண்டு முழம் முல்லை. அவ்வளவாகக் கவனிக்கவில்லை. போர்டின் முன்னால் நின்று கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு கன்றின் நெற்றிச் சுழியை விரலால் தொட்டார்.

"வெள்ளச்சிக்குத்தான் இது சரிப்படலீங்க. எனக்கு இது அவ புள்ளையேதானுங்க. பாக்கோணும்போல இருந்தா இங்க வரலாமுங்களா?"

"தினமும் வரலாம்" என்றேன். மியூசியம் திங்கட்கிழமை விடுமுறை. அதைச் சொல்லவில்லை. திறந்துவிடலாம்.

அக்டோபர் 18, சனி

மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெள்ளச்சி சினை என்று உறுதி சொன்னார். நாச்சிமுத்து ஐயா எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார். சந்தைப் பேச்சு ஒரேயடியாகப் போய்விட்டது. நானும் வெல்லம் தின்றேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். சினை என்றால் பால் குறையும், பிறகு வற்றும், பிறகு கறவையே நிற்கும் என்று டாக்டர் சொன்னபோது மிச்ச வெல்லத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாரதாமணியும் வெல்லத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

சாரதாமணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் நாச்சிமுத்து ஐயா என்னை எதிரில் உட்கார வைத்து விசாரித்தார். ஊர், நிலம், அப்பா எப்போது காலமானார், எனக்குச் சர்க்கரை உண்டா, பல்லெல்லாம் சொந்தப் பல்லா. மாடு வாங்குகிறவர் மாதிரி. சுழி பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"சாதிசனம் வேறயாட்டிருக்குது" என்றார் கடைசியில், தனக்குத்தானே. முட்டித் துணியை இறுக்கிக்கொண்டார். "ஆனா மழையோ காத்தோ, நேரந்தவறாம வர்ற ஆளு."

எதற்கு இதெல்லாம் என்று புரியவில்லை.  ஒரு ஆந்தைக்கு இமையை இரண்டு முறை தப்பாக ஒட்டிவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

குண்டாவின் அடிகூட நனையவில்லை. சாரதாமணி குண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"வத்திப் போச்சுங்க. இனி கன்னு போட்டாத்தான்."

"அப்ப நாளைக்கு..."

"நாளைக்குக் கறவை இல்லீங்க."

 வெள்ளச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது? வாசல் வரைக்கும் வந்தார். எப்போதும் வரமாட்டார்.

உண்மையை எழுதிவிடுகிறேன், என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? எனக்கு அழுகை வருகிறது. எனக்கு அவரைப் பார்க்காமல் விடியாது. மாடாவது மண்ணாவது.

டிசம்பர் 1, திங்கள்

தூக்கம் இல்லை. வழக்கமான நேரத்துக்கு எழுந்தேன். குளித்தேன். சும்மா நடக்கலாம் என்று கிளம்பினேன், காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு. கால் எங்கே போகும் என்று எனக்கென்ன தெரியாதா?

தோட்டத்துப் படல் திறந்திருந்தது. கட்டுத்தரை மேடையில் சாரதாமணி உட்கார்ந்திருந்தார். தலை பின்னி, பூ வைத்து. பக்கத்தில் இரண்டு டம்ளர் காப்பி, ஆவி பறக்க.

"என்னங்க இந்நேரத்துல? கறவைதான் இல்லீங்களே" என்றார். சிரிப்பை உதட்டிலேயே பிடித்து வைத்திருந்தார்.

"இரண்டு டம்ளர் யாருக்கு?" என்றேன்.

அவர் தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டார். எனக்குள் இருந்து ஏதோ பிடுங்கிக்கொண்டு வந்தது. "ஆகஸ்ட்லயே எங்க அம்மா சட்டையைத் துவைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வெள்ளச்சிக்கு நான் தேவையே இல்லை. தெரிஞ்சேதான் வந்தேன். அத்தனை நாளும்."

"தெரியுமுங்க. ஒரு பர்லாங்குக்குச் சோப்பு வாசம் அடிச்சுதே. மேல சாணி வேற பூசிட்டு வந்தீங்க."

"தெரியுமா!"

"நீங்க கோயமுத்தூர்ல மாட்டிக்கிட்டீங்களே, அன்னைக்கே அவ எனக்குத் தனியாக் கறந்துட்டா. குண்டா நெறைய. உதைச்சான்னு நாந்தான் பொய் சொன்னேன்."

"அது எனக்கும் தெரியும்" என்றேன். "நுரை அடங்காம இருந்துச்சே."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு. அவர் தூணைப் பிடித்துக்கொண்டார், நான் வெள்ளச்சியைப் பிடித்துக்கொண்டேன். ஜெர்சிகள் மிரண்டு எழுந்து நின்றன. சிரித்து முடித்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

பயத்தில் என் வாயில் திருநெல்வேலி அப்படியே வந்துவிட்டது. "நீங்க ஒரு மாட்டயும் விக்காண்டாம். நான் இங்கயே வந்துருதேன். என்னயக் கட்டிக்கிடுதீங்களா?"

சாரதாமணி முந்தானையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"இதக் கேக்க இத்தன மாசமாகுமுங்களா? வெள்ளச்சி ரெண்டாவது கன்னே போட்டுருவாளோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றார். அப்புறம் சத்தமே இல்லாமல், "கட்டிக்கறனுங்க" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து நாச்சிமுத்து ஐயாவின் குரல், தூக்கக் கலக்கமே இல்லாமல், கதவுக்குப் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் மாதிரி வந்தது:

"ஏனம்மிணி, பேசுனது போதும்! மாப்பிள்ளைக்குக் காப்பி ஆறுது பாரு!"

காப்பி நிஜமாகவே ஆறிப்போயிருந்தது. குடித்தேன், இரண்டு டம்ளரையும்.